ஏணி இருந்தது, வினா எங்கே?

'செயல்வழிக் கற்றல்' என்றதும், குழந்தை ஐயுறும், வினவும், தானே செய்துபார்த்து விடை காணும் என்றுதான் எவரும் எண்ணுவர். பெயர் அத்தகையது! 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் முளைத்து, 2007-08-இல் தமிழகமெங்கும் பரவிய அம்முறையில், பாயில் அமர்ந்து அட்டை எடுத்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். இன்று தொடக்கப்பள்ளி ஆசிரியன். போற்றவும் குறைகூறவும் எனக்கு உரிமை உண்டன்றோ?

போற்றுதற்குரியது நிறையவே உண்டு. ஆந்திரத்து ரிஷி வேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென வகுத்த முறையின் வழிவந்தது அது. நாற்காலியில் வீற்றிருந்த ஆசிரியரைத் தரைக்கு இறக்கியது. பிஞ்சுக் கைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையைச் சுவரடியில் அமைத்தது. காய்ச்சலால் பத்து நாள் வாராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே ஏணி ஏறலாம். பிரம்பையே நம்பிய வகுப்பறையில் இது சிறிய மாறுதலா?

ஆயினும் அந்த ஏணியின் படிகளை நினைவுகூர்கிறேன். ஒவ்வோர் அட்டையும் என்னைக் கேட்டது. நான் கேட்பதற்கென ஓர் அட்டையும் இருந்ததில்லை! எத்தனை விரைவில் ஏறுவது என்பது என் விருப்பம்; எங்கே ஏறுவது என்பதோ முன்னரே முடிந்த முடிபு. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது; அரும்பு, மொட்டு, மலர் என நிலைகள் வந்தன. எழுத்தறியாப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது இன்றியமையாததே, மறுப்பாரில்லை. அரும்பு கேட்கும் கேள்விக்கு இடம் எங்கே என்பதே என் வழக்கு.

என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பனிக்கட்டி இட்ட குவளையின் புறத்தே நீர் அரும்பியதைக் கண்டு, "சார், டம்ளர் ஒழுகுதா?" என்றாள். விடை என் நாவின் நுனியில் நின்றது. அடக்கிக்கொண்டேன். "எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றேன். நீரில் மஞ்சள் கரைப்போம் என்றான் ஒரு பொடியன். கரைத்தோம். உள்ளே மஞ்சள் நீர். வெளியே நிறமற்ற துளி! ஒழுகவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? வகுப்பே கொந்தளித்தது. காற்றில்தான் நீர் இருக்க வேண்டும் என்று அவர்களே வந்து சேர இரண்டு பாடவேளைகள் ஆயின. அன்று பார்வையிட வந்தவரோ, "இன்றைய பக்கம் முடிந்ததா?" என்று மட்டுமே கேட்டார். முடியவில்லைதான்.

அவரை மட்டும் நோவானேன்? பக்கத்தை எண்ணுவது எளிது, ஐயத்தை எண்ணுவது அரிது. மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்தில் 1972-இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைச் செய்துபார்க்கச் சொன்னதோடு நில்லாமல், தேர்வறைக்குள் நூலைக் கொண்டுவரவும் விட்டது. தேர்வையும் சேர்த்து மாற்றத் துணிந்தார்கள். 2002-இல் அரசு அதை நிறுத்திவிட்டது. அது வேறு கதை. நம் தொடக்கப்பள்ளிகளின் பருவ மதிப்பீட்டில், "நீ கேட்க விரும்பும் கேள்வி யாது?" என்று ஓரிடம் வெற்றாக விட்டால் போதும், அடுத்த வாரமே எங்கள் வகுப்பறைகள் பேசத் தொடங்கும்.