அறிந்தும் மாற்றலாகாமை: 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய காலமும் புதிய காலமும்

ஒரே பெயரோடு பல்லாண்டு வழங்கும் படைப்பொன்றின் முற்பகுதியையும் பிற்பகுதியையும் ஒப்பிடுவார், பெரும்பாலும் இரண்டனுள் ஒரு முடிபுக்கே வருவர். முன்னது உயர்ந்தது, பின்னது தேய்ந்தது என்பது ஒன்று. முன்னது முயற்சி, பின்னது நிறைவு என்பது மற்றொன்று. பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியற் புனைகதைத் தொடரைப் பற்றியும் இவ்விரு கூற்றுகளே பெரிதும் வழங்கக் காண்கின்றோம். பழைய தொடர் அறிவுக்கு விருந்து, புதிய தொடர் உணர்ச்சிக்கு விருந்து என்னும் பாகுபாடும் இவற்றின் வழிப் பிறந்ததே. இப்பாகுபாடு முழுதும் பிழையன்று. ஆயினும், அது விளைவைச் சொல்கின்றதேயன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. அக்காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் எல்லை

இத்தொடர் 1963 நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கியது. 26 பருவங்கள் நடந்து 1989 டிசம்பரில் நின்றது. 1996-இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமாக மட்டும் தலைகாட்டிற்று. பின்னர் 2005 மார்ச்சு 26-ஆம் நாள், ரஸ்ஸல் டி. டேவிஸ் தலைமையில் மீண்டும் தொடங்கிற்று. 1963 முதல் 1989 வரையுள்ளதைப் பழைய காலம் எனவும், 2005 முதலாக வந்ததைப் புதிய காலம் எனவும் ஈண்டுக் கொள்கின்றோம்.

கதைத்தலைவர் 'டாக்டர்' என்னும் பெயரால் மட்டுமே அறியப்படுபவர், வேற்றுலகத்தவர். 'டார்டிஸ்' என்னும் கலத்தில் ஏறி, எந்நிலத்திற்கும் எக்காலத்திற்கும் செல்பவர். 1966-இல் வில்லியம் ஹார்ட்னெல் விலகிப் பேட்ரிக் டிரவுட்டன் வந்தபோது, தலைவர் சாகாது உருமாறுபவர் என்னும் கற்பனை தோன்றிற்று. தொடரின் நெடிய வாழ்வுக்கு அக்கற்பனையே வித்து எனலாம்.

இரு காலங்களின் வடிவ வேறுபாட்டையும் முதற்கண் குறித்தல் வேண்டும். பழைய காலத்துக் கதை ஒன்று, 25 நிமிட அளவினவாய பல பகுதிகளாக வாரந்தோறும் வந்தது. நான்கு வாரமேனும் ஆறு வாரமேனும் நீள்வது பெருவழக்கு. புதிய காலத்திலோ ஏறத்தாழ 45 நிமிடத்தில் ஒரு கதை முடிவதே பெருவழக்காயிற்று.

ஒப்பிடுவார் மறத்தலாகாத செய்தி இன்னொன்றும் உண்டு. 1960-களில் எடுக்கப்பட்டவற்றுள் பல, ஒளிப்பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டமையால் மறைந்தன. 90-க்கு மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லை. ஒலி மட்டுமே எஞ்சியுள்ளது. 1964-இல் வந்த 'மார்க்கோ போலோ' என்னும் கதையின் ஏழு பகுதிகளும் இவ்வாறு மறைந்தனவே. மறைந்த நூல்களை உரையாசிரியர்களின் மேற்கோள்களால் உய்த்துணரும் தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதிதன்று. எஞ்சியதைக் கொண்டு முழுமையை அளப்பதில் எத்துணை விழிப்பு வேண்டுமென்பதை நாம் நன்கறிவோம். ஆதலின், தொடர் முழுவதற்கும் தீர்ப்புக் கூறப் புகாது, இரு காலங்களும் எழுப்பிய ஒரே வினாவை எடுத்துக்கொண்டு, அதற்கு அவை தந்த விடைகளை ஒப்பிடுதலே தக்கது.

அவ்வினாவாவது: வரப்போகும் அழிவை முன்னறிந்த ஒருவர், அதனைத் தடுக்கலாமா? தடுக்கலாகாது எனின், அவர் செய்யத்தக்கது யாது?

முதலும் உரியும்

தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அவற்றிற் பிறந்து வாழ்வன கரு. மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரி. ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் இவ்விலக்கணத்தைப் பின்பற்றிற்று என்பது நம் கருத்தன்று. நிலத்தையும் பொழுதையும் மாற்றி மாற்றிக் கதை சொல்லும் ஒரு படைப்பை அளத்தற்கு, இம்மூன்றும் நல்ல அளவுகோல்களாக அமையும் என்பதே கருத்து. எக்காலத்துக் கதையில் எப்பொருள் தலைமை பெறுகின்றது என்று காண்போம்.

அஸ்டெக் நாட்டில்

1964-இல் ஜான் லூக்கரோட்டி எழுதிய 'தி ஆஸ்டெக்ஸ்' நான்கு பகுதிகளால் ஆயது, முழுதும் கிடைப்பது. டாக்டருடன் செல்வோருள் பார்பரா என்பாள் வரலாற்று ஆசிரியை. இளையோர்க்கு வரலாறும் அறிவியலும் புகட்டுதல் தொடரின் தொடக்க நோக்கங்களுள் ஒன்றாதலின், உடன் செல்வோருள் இருவரை ஆசிரியராகவே படைத்தனர். பார்பராவை அஸ்டெக் மக்கள் தம் பழைய தலைமைக் குரு ஒருவரின் மறுபிறப்பு எனக் கருதித் தெய்வமாகப் போற்றுகின்றனர். ஸ்பானியர் வந்து இந்நாகரிகத்தை அழிக்கப்போவதை அவள் அறிவாள். நரபலி ஒழியின் இம்மக்கள் பிழைப்பர் என எண்ணி, பலியைத் தடுக்கத் துணிகின்றாள். வரலாற்றை மாற்றல் இயலாது என்று டாக்டர் கடிந்து கூறியும் கேட்டிலள்.

விளைவு யாது? மழைக் கடவுளுக்குப் பலியாக நின்றவன், தனக்குரிய பெருமை பறிபோயிற்று என வருந்தித் தானே கோயிலின் உச்சியிலிருந்து குதித்து மாய்கின்றான். மழையும் பெய்கின்றது! பலியிடும் குருவாகிய டிலோடாக்சல், பார்பராவைப் பொய்த்தெய்வம் எனக் காட்ட முனைகின்றான். அறிவின் குருவாகிய ஆட்லாக் மட்டும் அவள் சொல்லால் தன் நம்பிக்கையை இழந்து, ஊரை நீங்கிக் காடு நோக்கிச் செல்கின்றான். இறுதியில் ஞாயிறு மறைப்பின்போது பலி நிகழ்ந்தே தீர்கின்றது.

இக்கதையில் முதற்பொருளும் கருப்பொருளும் எத்துணை வலியுடன் நிற்கின்றன என்பதை நோக்குக. படப்பிடிப்பு நிலையத்தில் வரைந்து தொங்கவிட்ட திரையே பின்புலம். ஆயினும் அச்சமுதாயம் தனக்கென ஒரு நெறியுடையதாய், தன் நியாயத்தைத் தானே பேசுவதாய் நம் முன் நிற்கின்றது. டிலோடாக்சல் கொடியவனாயினும், தன் நாட்டு முறையின்படி பிழை செய்தானல்லன். வந்தவளே முறை பிறழ்ந்தவள். நான்கு வார அளவு தந்த அகலத்தின் பயன் இது.

பழைய காலம் உணர்ச்சியற்றது என்பார்க்கு இக்கதையே மறுமொழி கூறும். டாக்டர், காமெகா என்னும் அஸ்டெக் பெருமாட்டியுடன் நட்புக் கொள்கின்றார். அந்நாட்டு வழக்கம் அறியாது கோகோ பருகக் கொடுத்தது மண உறுதியாக முடிகின்றது. பிரியுங்கால், அவள் தந்த அணியைக் கல்லறையில் வைத்துவிட்டுச் சில அடி செல்கின்றார். பின்னர்த் திரும்பி வந்து அதனை எடுத்துக்கொள்கின்றார். அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. உரிப்பொருள் இங்கும் உண்டு. அது முதற்பொருளின் நிழலில் அடங்கி நிற்கின்றது என்பதே உண்மை. பார்பரா தன் தோல்விக்கு வருந்தும்போது, நாகரிகத்தைக் காக்க முடியவில்லை எனினும் ஒரு மனிதனுக்கு உதவினாய் என டாக்டர் ஆறுதல் கூறுகின்றார். இவ்வாறுதல் மொழியை நினைவிற் கொள்க.

பொம்பெயி நகரில்

நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2008-இல் ஜேம்ஸ் மோரன் எழுதிய 'த ஃபயர்ஸ் ஆஃப் பொம்பெயி' அதே வினாவை எழுப்பிற்று. கி.பி. 79-இல் வெசூவியசு எரிமலையால் அழியவிருக்கும் நகரில் டாக்டரும் டோனாவும் இறங்குகின்றனர். மக்களை எச்சரிக்க டோனா விழைகின்றாள், டாக்டர் மறுக்கின்றார். இதுவரை பழங்கதையே. ஆயின், மலைக்குள் வேற்றுலகினர் பதுங்கி அதன் ஆற்றலைக் கவர்ந்து வருவதால், எரிமலை வெடிக்காவிடின் உலகம் முழுதும் அவர்க்கு அடிமையாகும் என்பது பின்னர்த் தெரியவருகின்றது. எனவே, எரிமலையை வெடிக்கச் செய்பவரே டாக்டர் என்றாகின்றது. அவர் கைமீது டோனாவும் தன் கையை வைத்து அழுத்துகின்றாள்.

இம்மாற்றம் மிக நுட்பமானது. அஸ்டெக் கதையில் வரலாற்று விதி புறத்தே நின்றது. மனிதர் அதன்மேல் மோதித் தோற்றனர். பொம்பெயிக் கதையில் அவ்விதி தலைவரின் கைக்குள் வந்துவிட்டது. இருபதினாயிரம் உயிர்களின் சாவு அவர் செயலாயிற்று. புதிய காலம் தலைவருக்குத் தந்த முன்கதையும் இதற்குத் துணை செய்கின்றது. தம் இனத்தார் யாவரும் போரில் அழிந்தனர் எனக் கருதி வாழ்பவர் அவர். தம் உலகையே மீட்க இயலாதவரிடம், இந்நகரை மீட்க வேண்டும் எனக் கேட்கின்றாள் டோனா. நகர் முழுதும் இயலாதெனின் யாரேனும் ஒருவரையாவது காக்குமாறு அவள் அழுது இரக்க, அவர் மனமிரங்கிக் கைசிலியஸ் என்பவனின் குடும்பத்தை மட்டும் மீட்கின்றார்.

'ஒருவரையாவது' என்பது புதிய காலத்தின் புதுப்படைப்பு அன்று. பார்பராவுக்குக் கூறிய ஆறுதலில் வித்தாகக் கிடந்ததே ஈண்டு மரமாயிற்று. முன்னதில் அது தோல்விக்குப் பின் கண்ட எச்சம்; பின்னதில் அது வேண்டிப் பெற்ற அருள். அஸ்டெக் நாட்டில் தெய்வமாகப் போற்றப்பட்டவள் யாரையும் காத்திலள். பொம்பெயியில் தெய்வமென நடியாதவர், தாம் காத்த குடும்பத்தின் இல்லுறை தெய்வமாக இறுதிக் காட்சியில் வணங்கப்படுகின்றார். கைசிலியசாக நடித்த பீட்டர் கபால்டியே பின்னர் டாக்டராக நடித்தார். அம்முகத்தைத் தாம் பெற்றது, காத்தற் கடமையை நினைந்திருத்தற்கே எனத் தலைவர் உணர்வதாக 2015-இல் ஒரு கதை அமைந்தமை, இந்நிகழ்ச்சியைப் புதிய காலம் எவ்வளவு பெரிதாகக் கருதிற்று என்பதைக் காட்டும்.

இழப்பும் உண்டு. பொம்பெயிக் கதையை உரோமின் சினெச்சித்தா அரங்குகளிற் சென்று படமாக்கினர். காட்சி பழைய திரையினும் பன்மடங்கு மெய்போன்றது. ஆயினும், அந்நகரத்தார் இக்காலக் குடும்பத்தாரைப் போன்றே பேசிப் பழகுகின்றனர். அவர்க்கெனத் தனி நியாயம் இல்லை. வரைந்த திரையின் முன் ஒரு சமுதாயம் தெரிந்தது. உண்மையான அரங்கின் முன் ஒரு குடும்பம் மட்டுமே தெரிகின்றது. உரிப்பொருள் ஓங்க, கருப்பொருள் தேய்ந்தது என்க.

ஒரு தடையும் விடையும்

பழைய காலத்திலும் தலைவரின் கையில் முடிவு வந்ததில்லையா எனின், வந்தது. 1975-இல் டெர்ரி நேஷன் எழுதிய 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' என்னும் கதையில், கொடிய டாலெக் இனத்தைப் பிறப்பிலேயே அழிக்க வல்ல இரு கம்பிகளை டாக்டர் கையிற் பற்றி நிற்கின்றார். ஓர் இனத்தையே அழிக்கத் தமக்கு உரிமை உண்டா என வினவித் தயங்குகின்றார். அதற்குள் வேறொரு செய்தி வந்து அவரைத் தடுக்கின்றது. பின்னர், அக்கம்பிகளை இணைப்பது ஒரு டாலெக்கே. அறவினாவை அஞ்சாது எழுப்பிய பழைய காலம், விடையின் சுமையைத் தலைவர் தோளிலிருந்து இறக்கிவிட்டது. புதிய காலம் அதனை இறக்க ஒருப்படவில்லை. 2009-இல் வந்த 'த வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில், மாற்றலாகாத நிகழ்ச்சியை அவர் செருக்கால் மாற்றிவிட, காக்கப்பெற்ற பெண்ணே தன்னுயிரைப் போக்கி வரலாற்றை நேராக்குகின்றாள். வேறுபாடு அறிவுக்கும் உணர்ச்சிக்கும் இடைப்பட்டதன்று; சுமை எங்கு வைக்கப்படுகின்றது என்பதைப் பற்றியது.

பஞ்சாபில்

இரு காலங்களும் ஒன்றுகூடும் இடமாக, வினய் பட்டேல் எழுதி 2018 நவம்பர் 11-ஆம் நாள் ஒளிபரப்பாகிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' கதையைக் கூறலாம். தொடரின் முதற்கதையை 1963-இல் இயக்கிய வாரிஸ் ஹுசைன், இலக்னோவில் பிறந்தவர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவர் பிறந்த நாட்டின் பிரிவினை அத்தொடருக்குப் பொருளாயிற்று.

1947 ஆகஸ்டில், புதிதாக வரையப்பட்ட எல்லையின் மீது ஓர் இந்து இளைஞனுக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் மணம் நிகழ்கின்றது. மணத்தை நடத்தி வைப்பவர் டாக்டரே. மணமகள், உடன் சென்ற யாஸ் என்பவளின் பாட்டி. மணமகன் பிரேம் அவளுடைய பாட்டன் அல்லன். அவன் இறக்க வேண்டும். இறவாவிடின் யாஸ் பிறவாள். கொலைகாரரென ஐயுறப்பட்ட வேற்றுலகினர், தனித்துச் சாவோர்க்குச் சான்றாக நின்று நினைவு போற்றுவோர் எனத் தெரிகின்றது. கொல்லும் கூட்டத்தை அழைத்து வருபவனோ பிரேமின் உடன்பிறந்த தம்பி. டாக்டரும் நண்பரும் திரும்பி நடக்க, பின்னே துப்பாக்கி ஒலி கேட்கின்றது. ஒருவரும் காக்கப்படவில்லை.

இங்கே நிலமும் பொழுதும் வெறும் பின்புலமாக இல்லை. எல்லைக்கோடு கதையையே இருகூறாக்குகின்றது. பிரிவாகிய உரிப்பொருளும் அடங்கிக் கிடக்கவில்லை. காக்க முடியாதவர் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்கு, அருகிருந்து கண்டு நினைவிற் கொள்ளுதல் என மூன்றாவது விடை ஒன்று பிறக்கின்றது. தோல்வியின் எச்சமும் அன்று, இரந்து பெற்ற அருளும் அன்று. சான்றாதல் என்னும் கடமை அது.

முடிபு

பழைய காலம் முதற்பொருளைத் தலைமையாகக் கொண்டு, வரலாற்றின் விதியைப் புறத்தே நிறுத்திற்று. புதிய காலம் உரிப்பொருளைத் தலைமையாக்கி, அவ்விதியைத் தலைவரின் நெஞ்சினுள் நிறுத்திற்று. நெடிய வடிவத்தால் முன்னது பெற்ற சமுதாய அகலத்தைக் குறுகிய வடிவத்தில் பின்னது பெரும்பாலும் இழந்தது. அதற்கு ஈடாகச் செய்தவரே பொறுப்பேற்கும் அறத்தை அடைந்தது. ஒன்று மற்றொன்றன் தேய்வும் அன்று, நிறைவும் அன்று. முன்னது எழுப்பிய வினாவைப் பின்னது கைவிடாமல் வளர்த்தது. இரண்டும் ஒத்து இயைந்தபோது கதை சிறந்தது என்பதற்குப் பஞ்சாபுக் கதை சான்று. பழையதை இகழ்ந்து புதியதைப் புகழ்வாரும், புதியதை இகழ்ந்து பழையதைப் போற்றுவாரும், தாம் போற்றுவதன் பாதியையே கண்டவர் என்பது நம் துணிபு.