கவுன்டரில் ஒன்று

உங்களுக்கு ஸ்கூட்டர் விமர்சனம் படிக்கும் பழக்கம் உண்டா? எனக்கு உண்டு. வாங்கப் போவதில்லை என்றாலும் படிப்பேன். மைலேஜ், பிக்-அப், சீட் உயரம், பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும்... ஒரு பொருளை ஒருவன் ஆசையாகத் தடவிப் பார்த்து எழுதுவதைப் படிப்பதில் தனி சுகம்.

சமீபத்தில் இந்த வியாதி முற்றி, அமெரிக்கத் துப்பாக்கி விமர்சனங்கள் வரை போய்விட்டேன். காரணம், என் சித்தப்பா மகன். டெக்ஸாஸில் குடியுரிமை வாங்கி செட்டிலானவன். பழைய பிஸ்டல் ஒன்று வாங்கியிருந்தான். நான் போய் இறங்கியதும், "அண்ணே, முதல்ல இதைப் படிங்க. அப்புறமா சுடலாம்" என்று ஒரு கட்டுப் பத்திரிகைகளை மடியில் போட்டான். ஜெட் லாக்கில் தூக்கம் வராத இரண்டு ராத்திரிகளில் பதினைந்து, இருபது விமர்சனங்கள் படித்தேன். எல்லாம் ஒரே பிஸ்டலைப் பற்றி. கோல்ட் 1911.

நன்றாகத்தான் எழுதுகிறார்கள் ஐயா! நம் டிசம்பர் சீசன் கச்சேரி விமர்சனம் தோற்றது. டிரிகர் இழுபடுவதை, மெல்லிய கண்ணாடிக் குச்சி உடைவதோடு ஒப்பிடாத ஆளே இல்லை. கைப்பிடியின் சாய்மானத்துக்கு ஒரு பாரா. நீலப்பூச்சு தேய்ந்து இரும்பு வெளுத்திருந்தால் அது பழசு இல்லையாம், 'நேர்மையான தேய்மானம்'. பி.காம்.-ல் நாங்கள் படித்த தேய்மானம் வேறு!

அந்த பிஸ்டலுக்கு இந்தப் புகழ் தகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங், யூட்டா மாநிலத்துக்காரர். குண்டு புறப்படும் கணத்தில் குழாயும் அதன் மேலிருக்கும் ஸ்லைடும் கைகோத்துக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் வருகின்றன. பிறகு ஒரு சின்ன இணைப்பு குழாயைக் கீழே இறக்கிவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய், காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்ததைத் தள்ளிக்கொண்டு வந்து அறையில் வைக்கிறது. கண் இமைப்பதற்குள் இவ்வளவும். அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கியெடுத்து மறுபடி சுட்டார்கள். தேறியது. 1911 மார்ச் 29-ல் ராணுவத்தில் சேர்ந்து, 1985-ல் பெரெட்டா வரும்வரை சர்வீஸில் இருந்தது. 74 வருஷம்! எந்த அரசு ஊழியர் இருந்திருக்கிறார்?

இரண்டாம் உலகப் போரில் தேவை அதிகமாகி, கோல்ட் கம்பெனிக்கு வெளியிலும் ஆர்டர் கொடுத்தார்கள். தையல் மெஷின் சிங்கர் 500 செய்தது. அதில் ஒன்று ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டியதும் உண்டு. எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்து முதலிடம் பிடித்தது யார் தெரியுமா? ரெமிங்டன் ராண்ட். டைப்ரைட்டர் கம்பெனி! நான் ஹையர் பாஸ் செய்ததே ஒரு ரெமிங்டனில்தான். தம்பி வாங்கியிருந்த பிஸ்டலின் பக்கவாட்டில் அதே பெயரைப் பார்த்ததும், இன்ஸ்டிடியூட்டில் 'ஏ எஸ் டி எஃப்' அடித்த விரல்கள் ஒருமுறை துடித்தன.

வாங்கிய கதையும் சுவாரசியம். ராணுவக் கிடங்கில் மிஞ்சியவற்றை சி.எம்.பி. என்ற அமைப்பு 2018-ல் பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்தது. அப்போது நிலைமையைப் பொறுத்து 850 முதல் 1,050 டாலர். கடையில் போய் வாங்க முடியவில்லை. தபாலில் விண்ணப்பம், குலுக்கலில் ஒரு எண், ஆளுக்கு வருஷத்துக்கு ஒன்றுதான் என்றிருந்தது. பின்னணி விசாரணை அங்கே ஒருமுறை, வந்து சேரும் லைசென்ஸ் கடையில் ஒருமுறை. அந்தக் காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்கு நம்மூரில் காத்திருந்த மாதிரி காத்திருந்து, தம்பி இரண்டாவது விண்ணப்பத்தில் வாங்கினான். (இங்கே அந்த .45 ரகம் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. ஆசைப்படாதீர்கள்.)

விசிட்டர் விசாவில் போன நான் அதைத் தொடுவதற்கே ஒரு வழி தேவைப்பட்டது. வேட்டை லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம்! கரப்பான் பூச்சிக்கே மனைவியைக் கூப்பிடும் நான், பணம் கட்டி அதிகாரபூர்வமாக வேட்டைக்காரன் ஆனேன்.

சுடும் இடத்துக்குப் போனோம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. முதலில் தம்பி. ஐந்து முறை சுட்டான். "இப்ப நீங்க அண்ணே" என்று மேகசினை உருவிப் பலகையில் வைத்துவிட்டு, "காலிதான், சும்மா வெயிட் பாருங்க" என்று பிஸ்டலை என் பக்கம் திருப்பினான்.

பின்னாலிருந்து ஒரு கத்தல். அங்கே மேற்பார்வை பார்க்கும் பெரியவர், எழுபது வயதிருக்கும், பாய்ந்து வந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து முனையை இலக்குப் பக்கம் திருப்பினார். பிஸ்டலை வாங்கி ஸ்லைடை இழுத்தார். 'டங்' என்று பலகையில் விழுந்து உருண்டது ஒன்று. கட்டை விரல் பருமன். குண்டு மட்டும் சுமார் 15 கிராம்.

ஒரு வினாடிக்கு முன்னால் அந்தப் பதினைந்து கிராமும் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணக்குப் படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். மேகசின் என்பது குடோன். அறை என்பது கவுன்டர். குடோனைக் காலி செய்துவிட்டு 'ஸ்டாக் நில்' என்று எழுத முடியாது. ஐந்து சுட்டதும் ஆறாவது தானாகவே கவுன்டருக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மேகசினை உருவினால் சுடாமல் தடுக்கும் ஏற்பாடு சில பிஸ்டல்களில் உண்டு. 1911-ல் கிடையாது. முதலில் மேகசினை எடுக்க வேண்டும், அப்புறம் ஸ்லைடை இழுக்க வேண்டும், அப்புறம் அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் அந்த நல்ல மெஷின் அடுத்ததை ஏற்றிவிடும்.

இப்போது என் விமர்சனத்துக்கு வருகிறேன். பிஸ்டல் மீது அல்ல, அந்த விமர்சனங்கள் மீது. ராத்திரி திரும்பி வந்து அத்தனையையும் மறுபடி புரட்டினேன். டிரிகருக்கு ஒரு பக்கம். 25 கெஜத்தில் எத்தனை அங்குலத்துக்குள் ஏழு ஓட்டை விழுந்தது என்று அட்டவணை. இந்த வரிசையைப் பற்றி? பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. இரண்டு மூன்றில் போகிறபோக்கில் ஒரு வரி. மேகசின் தடுப்பு இல்லாததை ஒருவர் பெருமையாகவே எழுதியிருந்தார். பிரேக்கைப் பற்றி எழுதாத ஸ்கூட்டர் விமர்சனத்தை நீங்கள் விடுவீர்களா?

இன்னொன்றும் உண்டு. எல்லோர் கட்டுரையிலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவை உடைத்துக்கொண்டு ஒரு திருடன் வருகிறான். எண்கள் வேறு கதை சொல்கின்றன. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல்! கதவை உடைத்து யாரும் வர வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே யாராவது மனசு உடைந்து உட்கார்ந்திருந்தால் போதும். வாங்கலாமா என்று கேட்டுப் படிக்கிறவனுக்கு, பூட்டு எங்கே, சாவி யாரிடம் என்று சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்.

தம்பியிடம், "வீட்ல எங்கடா வெச்சிருக்கே?" என்றேன். "பெட்சைடு டிராயர்ல. மேகசினைத் தனியா எடுத்துத்தான் வெப்பேன் அண்ணே..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் மகனுக்குப் பதினாறு வயது. அந்த வருஷம் மார்க் குறைந்து, யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடந்தான். சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மாமா, நான் ஆறு மாசமா பெட்டி வாங்குங்கன்னு சொல்றேன். ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மறுநாளே இரும்புப் பெட்டி வந்தது. சாவி அவளிடம்.

கேட்பீர்கள், மறந்துவிடவில்லை. அன்றைக்கு அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, நானும் ஏழு சுட்டேன். தாளில் பட்டது இரண்டு. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை சினிமாவில் ஹீரோ ஸ்டைலாக மேகசினை உருவி எறிந்துவிட்டு, காலித் துப்பாக்கியை வில்லன் கையில் கொடுக்கும்போது விசில் அடிக்காதீர்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேளுங்கள்: "சார், கவுன்டர்ல ஒண்ணு இருக்குமே?"