சொல்லும் சுரமும்: பாலமுரளிகிருஷ்ணாவின் சாகித்தியமும் அயல்மேடையும்

1. முன்னுரை

'இசைக்கு மொழி தேவையில்லை' என்பது அயல்நாட்டுக் கச்சேரிகளைப் பற்றி எழுதுவோர் பெரிதும் கையாளும் தொடர். வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை இது பாராட்டுப் போல் ஒலித்தாலும், பாடகரின் உழைப்பில் ஒரு பாதியைக் கணக்கிற் கொள்ளாமல் விட்டுவிடுகிறது. பாடகரே பாடல்களை இயற்றுபவராகவும் இருக்கும்போது இவ்விடுபாடு மேலும் பெரிதாகிறது. அத்தகையோரை நம் மரபு 'வாக்கேயகாரர்' என்று சுட்டும். வாக்கு, கேயம் என்னும் இரண்டும் அச்சொல்லில் உள்ளன, வாக்கே முன்னிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கச்சேரி ஒன்றிற்குரிய நிகழ்ச்சிக் குறிப்பை ஆங்கிலத்தில் ஆக்கித்தரும் பணி இக்கட்டுரையாளரிடம் வந்தது. ஓர் உருப்படிக்கு ஒரு வரி என்பது நிபந்தனை. பணி முடிந்தபோது ஏழு உருப்படிகளுள் ஐந்து, 'இறைவனே, என்னைக் காப்பாய்' என்னும் ஒரே பொருளில் வந்து நின்றன. மொழிபெயர்ப்பில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் ஐந்து பாடல்கள் ஒரு பாடலாகிவிட்டன. எது தவறிற்று என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். இதனை ஆராய மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணாவின் (1930-2016) இசைவாழ்வு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பல மொழிகளில் பாடியும், சில மொழிகளில் இயற்றியும், வேற்று இசைமரபினருடன் மேடையைப் பகிர்ந்தும் வாழ்ந்தவர் அவர்.

2. ஒரு வாழ்வில் பல மொழிகள்

ஆந்திராவின் கிழக்குக் கோதாவரிப் பகுதியில் சங்கரகுப்தம் என்னும் சிற்றூரில் பிறந்த அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. தியாகையரின் சீடவழியில் வந்த பாருபல்லி ராமகிருஷ்ணையா பந்துலு அவருடைய ஆசிரியர். பெற்றோர் இட்ட பெயர் முரளிகிருஷ்ணா. சிறுவயதிலேயே அவர் பாடக் கேட்டு வியந்த அரிகதைக் கலைஞர் முசுநூரி சூரியநாராயணமூர்த்தி பாகவதர் 'பால' என்னும் அடையைச் சேர்த்தார். பதின்ம வயதிலேயே 72 மேளகர்த்தா இராகங்களிலும் கிருதிகள் இயற்றத் தொடங்கினார். தெலுங்கிலும் வடமொழியிலும் பெரும்பான்மையாகவும், தமிழிலும் கன்னடத்திலும் சிறுபான்மையாகவும் அவர் ஆக்கிய பாடல்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை என்பர்.

பாடகர் என்ற நிலையில் அவருடைய மொழிப்பரப்பு இன்னும் அகன்றது. ஹம்சகீதே என்னும் கன்னடத் திரைப்படத்தில் பாடியமைக்காக 1975ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருது பெற்றார். இரவீந்திர சங்கீதத்தை வங்காளியில் பாடிப் பதிவு செய்தார். 1988 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்ஷனில் முதன்முதலாக ஒளிபரப்பான 'மிலே சுர் மேரா துமாரா' என்னும் ஒருமைப்பாட்டுப் பாடலில் தமிழ்ப்பகுதியைப் பாடியவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவரே. பிரான்சு அரசு 2005இல் அவருக்குச் செவாலியே விருதளித்தது.

இவ்வாழ்வை 'மொழி கடந்த இசை' என்று சுருக்குவது எளிது. எனினும் மேற்கண்ட செய்திகள் சுட்டுவது அதற்கு நேர்மாறானது. அவர் மொழியை விட்டுவிட்டு எல்லை தாண்டவில்லை. சென்ற இடந்தோறும் ஒரு மொழியின் ஒலிப்பைக் கற்றே தாண்டினார்.

3. ஒலிநிலை

பேச்சில் ஒலிக்கு அளவுண்டு. பாட்டில் அவ்வளவு நெகிழும். குறிலும் நெடிலும் மாத்திரையால் வேறுபடும் என்று வகுத்த தொல்காப்பியமே, இசையில் உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் உண்டென்று யாழ்நூலார் கூறுவதாக நூன்மரபின் இறுதியில் சுட்டிச்செல்கிறது. ஒலியன் நிலையில் வேறுபடும் 'படு', 'பாடு' போன்ற இணைகள் சங்கதிகளின் நீட்டத்தில் தம் எல்லையை இழக்கக்கூடும். நல்ல பாடகர் இங்குத்தான் தம் மொழியறிவைக் காட்டுகிறார். குறிலை நீட்ட நேர்ந்தாலும், அதனை அடுத்துவரும் நெடிலினும் சற்றுக் குறைவாக நிறுத்தி விகிதத்தைக் காப்பாற்றுகிறார். பாலமுரளியின் தெளிவான உச்சரிப்பு எனப் போற்றப்படுவதன் ஒரு கூறு இவ்விகிதக் காப்பே எனலாம்.

மொழிகளின் அசையமைப்பும் இங்குக் கருதத்தக்கது. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன; அவற்றின் ஈற்றில் இசை தங்குவதற்கு இடம் இயல்பாகவே அமைகிறது. தமிழில் மெய்யீற்றுச் சொற்கள் பல. ஆனால் வல்லினமெய் சொல்லிறுதியில் வாராது. மூக்கொலிகளும் இடையின ஒலிகளுமே வரும். இவை மூச்சை அடைக்காமல் நீட்டத்தக்கவை. தொல்காப்பியம் சுட்டும் 'ஒற்றிசை நீடல்' இத்தகைய ஒலிகளிலேயே இயல்பாகக் கைகூடும். தெலுங்கில் பழகிய குரல் தமிழுக்கு வரும்போது, ஈற்று மெய்க்குப்பின் சிறு உயிர் ஒன்றைச் சேர்த்துவிடும் வாய்ப்பு மிகுதி. தமிழைப் பாடும்போது மூக்கொலியையே நீட்டி முடிப்பதும், தெலுங்கைப் பாடும்போது உயிரில் முடிப்பதும் ஒரே தொண்டை இரண்டு ஒலியியல்களை வேறுபிரித்து வைத்திருப்பதற்கு அடையாளம்.

எழுத்துமுறை எழுப்பும் சிக்கலும் உண்டு. தெலுங்கு, வடமொழிக் கிருதிகள் தமிழெழுத்தில் அச்சாகும்போது க, ச, ட, த, ப வரிசைகளின்மேல் 1 முதல் 4 வரை எண்ணிடுவது வழக்கம். எண் இல்லாத படியைக் கொண்டு பயில்பவர் 'கானம்' என்னும் வடிவத்தைப் பாட்டு என்று ஒலிப்பதா காடு என்று ஒலிப்பதா என மயங்குவர். அச்சில் உள்ள ஒரு வடிவம் பாடகரின் வாயில்தான் ஒரு சொல்லாகிறது. எனவே உச்சரிப்பு என்பது அணியன்று. அதுவே பொருளின் முதற்படி.

4. சொல்நிலை

ஒலிக்கு அடுத்தது சொல். வாக்கேயகாரர் தம் முத்திரையைப் பாடலின் இறுதிப்பகுதியில் பொதிந்து வைப்பர். பாலமுரளியின் முத்திரை 'முரளி'. இச்சொல் குழலைக் குறிக்கும். குழலேந்திய கண்ணனை நினைவூட்டும். பாடலை இயற்றியவரையும் குறிக்கும். அவரே மேடையில் பாடும்போது, எதிரே அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும் மனிதரையும் அச்சொல் சுட்டிவிடுகிறது. ஒரு சொல்லுக்கு நான்கு சுட்டுகள். மொழிபெயர்ப்பாளர் 'குழல்' என்று பெயர்த்தால் மூன்று இழப்பாகும். 'முரளி' என்றே வைத்தால் அது வெறும் பெயராகிவிடும்.

'வேங்கை' ஒரு சொல்லாய் நின்று மரத்தையும் விலங்கையும் குறிப்பதும், 'வேம் கை' எனப் பிரிந்து வேறு பொருள் தருவதும் நன்னூல் கூறும் பொதுமொழிக்குச் சான்று. பேச்சில் இதனை உறுதிசெய்வது சூழல். பாட்டில் பாடகர் எங்கே நிறுத்துகிறார் என்பதும் உறுதிசெய்கிறது. நிரவலில் ஒரு வரியைப் பலவாறு வகுத்துப் பாடும்போது பிழையான இடத்தில் விழும் நிறுத்தம் சொல்லையே மாற்றிவிடும். பொருளுணர்ந்து பாடுதல் என்று நம் ஆசிரியர்கள் வலியுறுத்துவது பக்திக்காக மட்டுமன்று, சொல்லெல்லையைக் காப்பதற்காகவும்தான்.

சுவராட்சரம் என்னும் உத்தி மொழிபெயர்ப்புக்கு முற்றிலும் இடங்கொடாதது. 'பாதம்' என்னும் சொல்லின் முதலிரண்டு அசைகள் ப, த என்னும் சுரங்களிலேயே அமைந்தால், சொல்லும் சுரமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. தமிழெழுத்தில் இப்பொருத்தம் முழுமையானது போல் தோன்றும். வடமொழியில் அச்சொல்லின் தகரம் மூச்சொலியற்றது. தைவதத்தின் தகரமோ மூச்சொலியுடையது. ஆக ஒரு மொழியில் நிறைபொருத்தமாவது இன்னொரு மொழியில் அரைப்பொருத்தமாகிறது. இவ்வின்பம் மொழிக்குள் மட்டுமே வாழ்வது.

பாலமுரளி புதிதாக வகுத்த இராகங்களின் பெயர்களும் சொல்லுணர்வைக் காட்டுவன. மகதி என்பது நாரதருடைய வீணையின் பெயர். 'பெரியது' என்னும் பொருளும் உடையது. அப்பெயரைத் தாங்கிய இராகமோ நான்கே சுரங்கள் கொண்டது. சுருங்கிய உருவுக்குப் பெருமையைக் குறிக்கும் பெயர். சுமுகம், கணபதி, ஓங்காரி என்பனவும் பொருளுடைய பெயர்கள். இத்தகைய சிற்றளவு இராகங்கள் இராகங்களாகுமா என்று வீணை எஸ். பாலச்சந்தர் எழுப்பிய மறுப்பு இசையுலகில் பெரும் விவாதமாயிற்று. அவ்விவாதம் சுரங்களின் எண்ணிக்கையைப் பற்றியது. பெயர்களில் உள்ள மொழிச்செயலை எத்தரப்பினரும் பெரிதாகக் கருதவில்லை.

5. பகிர்ந்த மேடை

அயல்மேடையை எதிர்கொள்ளும் இசைக்கலைஞர் மொழியை எவ்வாறு கையாள்வார்? ஒரு வழியை எம். எஸ். சுப்புலட்சுமியின் 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவைக் கச்சேரி காட்டுகிறது. அந்நிகழ்ச்சிக்கெனக் காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி வடமொழியில் ஒரு பாடலும், இராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பாடலும் இயற்றித் தந்தனர். அவையோருக்கேற்ப உரையையே புதிதாக ஆக்குவது அவ்வழி.

பாலமுரளியிடம் வேறிரு வழிகளைக் காண்கிறோம். ஒன்று, அயலாரின் உரைக்குள் தாம் நுழைவது. தாகூரின் சொற்களைக் கொண்ட 'கீதாஞ்சலி சூட்' என்னும் ஆக்கத்தில் பிரித்தானியப் பாடகர் குழுவொன்றுடன் தனிக்குரலாகப் பாடியது இதற்குச் சான்று. வங்காளிப் பாடல்களைத் தாகூரே ஆங்கில உரைநடையாக்க, 1912இல் வெளிவந்த அவ்வுரைநடை வழியாகவே கீதாஞ்சலியை உலகம் அறிந்தது. பாட்டாய்ப் பிறந்து உரைநடையாய்ப் புகழ்பெற்ற நூலை மீண்டும் பாட்டாக்கும் முயற்சியில் தெலுங்கர் ஒருவரின் குரல் இடம்பெற்றது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மற்றொன்று ஜுகல்பந்தி. பீம்சென் ஜோஷி போன்ற இந்துஸ்தானி மேதைகளுடன் அவர் மேடையைப் பகிர்ந்தார். கயால் பாடலின் உரை மிகச் சிறியது. விரிவின்போது அது ஒலியிற் கரைந்துவிடும். கிருதியின் உரையோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என வளர்ந்து செல்வது. ஆகவே இருவரும் சந்திக்க எளிதான இடங்கள் அகாரமும் சுரமும் சொற்கட்டுமே. வடக்கின் தரானாவும் தெற்கின் தில்லானாவும் உறவுடையவை. இரண்டிலும் அகராதிப் பொருளில்லாத அசைகளே மிகுதி. அவ்வசைகளுள் த, ந, ர ஆகிய நுனிநா ஒலிகள் பெருகி வருவது விரைந்த மாற்றத்துக்குத் துணைசெய்கிறது.

கதனகுதூகலம், குந்தலவராளி முதலிய இராகங்களில் பாலமுரளி இயற்றிய தில்லானாக்கள் பலராலும் பாடப்படுவன, ஆடலரங்கிலும் இடம்பெற்றவை. தில்லானாவின் அமைப்பில் சொற்கட்டு அசைகள் ஓடிவந்து, ஓரிடத்தில் பொருளுடைய மொழி திடீரெனத் தொடங்குகிறது. பின் முத்திரை வருகிறது. மீண்டும் அசைகளுக்குத் திரும்புகிறோம். மொழியறிந்த அவையினர் இவ்வெல்லையை உடனே உணர்வர். வெறும் ஒலி சொல்லாகும் கணம் அது. மொழியறியாத அவைக்கு அங்கே எல்லையே இல்லை. முன்னது போலவே பின்னதும் ஒலி. 'மொழி தேவையில்லை' என்போர் இழப்பது இந்தக் கணத்தைத்தான். இழந்ததை அறியாமலே கைதட்டிச் செல்கின்றனர் என்பதே இதிலுள்ள வருத்தம்.

6. ஒரு மதிப்பீடு

பாலமுரளியின் சாகித்தியத்தை நடுநிலையில் மதிப்பிடும்போது ஒரு குறையையும் குறிப்பிட வேண்டும். தியாகையரிடம் காணப்படும் பேச்சுமொழியின் நெருக்கமும், இறைவனோடு வழக்காடும் குரலும் இவரிடம் அரிது. போற்றியும் விளியுமாக அமைந்த வடமொழிச் சொற்கோவைகள், குறிப்பாகச் சிற்றளவு இராகங்களில், இராகத்தின் இலக்கணத்தைத் தாங்கும் சட்டங்களாகவே நிற்கின்றன. பொருளின் சுமை குறைந்து ஒலியின் சுமை கூடுகிறது. அயல்மேடையில் அவை எளிதில் வென்றதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் ஒலிக்கு முதன்மை கொடுப்பது மொழியைத் துறப்பதாகாது. எதுகை, சொற்பிரிப்பு, பலபொருள் முத்திரை ஆகியன அனைத்தும் மொழியின் செயல்களே. பொருளில் எளிமையும் ஒலியில் செறிவும் கொண்ட பனுவல்கள் இவை. பொருளை மட்டும் பெயர்க்கும் முறை, இவற்றில் மிக மெலிந்த பகுதியை எடுத்துக்கொண்டு செறிந்த பகுதியைக் கைவிடுகிறது. ஐந்து பாடல்கள் ஒன்றானதன் காரணம் இதுவே.

7. முடிவுரை

இவ்வாய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கிருதியின் நிகழ்ச்சிக் குறிப்பு பொருள்வரியோடு நில்லாமல், எந்தச் சொல் எவ்விடத்தில் என்ன செய்கிறது என்பதையும் ஒரு தொடரில் கூறவேண்டும். இரண்டாவது, முத்திரையைப் பெயர்க்காமல் மூலவடிவிலேயே நிறுத்தி அதன் சுட்டுகளை விளக்குதல் தகும். மூன்றாவது, தில்லானா போன்ற வடிவங்களில் அசை முடிந்து சொல் தொடங்கும் இடத்தைக் கேட்போருக்கு முன்கூட்டியே அறிவிக்கலாம். பாடகர் கச்சேரியின் நடுவே இதனை ஓரிரு வாக்கியங்களில் சொல்வதும் பயன்தரும்.

அந்தப் பழைய குறிப்பை இன்று மீண்டும் எழுத நேர்ந்தால் இக்கட்டுரையாளர் ஓர் உருப்படிக்கு மூன்று வரி கேட்பார். அவை கிடைக்காவிடின் பொருள்வரியை விட்டுவிட்டு, 'இப்பாட்டின் இறுதியில் முரளி என்னும் சொல்லைக் கவனியுங்கள்' என்று மட்டும் எழுதுவார். கேட்பவர் அச்சொல்லுக்காகக் காத்திருப்பார். மொழி தெரியாத பாட்டில் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதே அம்மொழிக்குள் வைக்கும் முதல் அடி.