வந்த நாள் தெரியும், போன நாள்?

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்திச் சிலையின் தலை வெளியே தெரிந்தால் தர்மபுரி மாவட்டத்து ஏரியூர் வட்டாரம் முழுக்கச் சேதி பரவிவிடும். நாகமரை, ஒட்டனூர் பக்கம் நீர் வற்றிய நிலத்தில் எப்போது உழுதார்கள், எப்போது விதைத்தார்கள் என்பதும் பலருக்கு நினைவிருக்கும். அதே கரையில் குளிர்காலம் நெடுக வாலை ஆட்டி ஆட்டி நடந்த உள்ளான் என்றைக்குக் கிளம்பியது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை.

வலசைப் பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது. நேற்றுவரை இல்லாத தகைவிலான் இன்று மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் யார் கண்ணிலும் படும். போன நாளைப் பிடிப்பதுதான் சிரமம். இன்று பார்த்ததுதான் கடைசி என்பது இன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் பல நாள் அதே இடத்துக்குப் போய், ‘இல்லை’ என்று எழுதினால்தான் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் செய்ய வேண்டிய இந்த வேலையை இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன.

இந்தியாவின் வழி, கூட்டத்தைச் சேர்ப்பது. 2007இல் தொடங்கிய ‘மைக்ரன்ட்வாட்ச்’ திட்டம், குளிர்கால விருந்தாளிகளை முதலில் பார்த்த தேதியையும் கடைசியாகப் பார்த்த தேதியையும் பொதுமக்களிடம் கேட்டது. பிறகு அந்த வேலை ‘ஈபேர்டு’ தளத்துக்கு நகர்ந்தது. கையில் போன் இருந்தால் யாரும் பட்டியல் போடலாம். இதன் பலம் முழுப்பட்டியல்: காகம், மைனா உட்பட அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதிவிட்டால், பட்டியலில் இல்லாதது அன்று கண்ணில் படவில்லை என்று பொருளாகிறது. ‘இல்லை’யும் தானாகவே பதிவாகிவிடுகிறது.

ஆனால் இந்தக் கூட்டம் சேருவது குளிர்காலத்தில். 1987இலிருந்து நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். 2015இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் ஜனவரியில். ஊர்ப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு பிப்ரவரியில். வெயில் ஏற ஏற ஆட்கள் கலைந்துவிடுவார்கள். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை வரும் உலகப் பறவை நாளை விட்டால், வலசை முடியும் நேரத்தில் பெரிய கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

இலங்கையின் வழி, சிலர் நெடுங்காலம் விடாமல் எழுதுவது. 1943இல் தொடங்கிய சிலோன் பறவைக் கழகம், உறுப்பினர்கள் அனுப்பும் செய்திகளை மாதாந்தக் குறிப்புகளாகத் தொகுத்துவருகிறது. 1976இல் உருவான, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த களப் பறவையியல் குழு, புந்தலவில் பறவைகளுக்கு வளையமிட்டது. அண்மை ஆண்டுகளில் மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய கடற்காகங்கள் ருஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து கண்டார்கள். அங்கும் இன்று ஈபேர்டில் எழுதுபவர்கள் உண்டு. ஆனால் எண்பது ஆண்டுக்கு மேல் அறாத இழை என்றால் அது அந்த மாதக் குறிப்புதான். அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. அரிதான பறவை, வழக்கத்துக்கு மாறான தேதி என்று சொல்லத்தக்கதே முதலில் அச்சேறும். சாதாரணத் தகைவிலான் ஊரை விட்டுப் போனது அவ்வளவு சுலபமாகச் செய்தியாகாது.

கடைசித் தேதியில் ஒரு பொறியும் உண்டு. புந்தல, மன்னார், கோடியக்கரை போன்ற இடங்களில் கரையோரப் பறவைகளில் சில, கோடையிலும் போகாமல் தங்கிவிடும். பெரும்பாலும் இனப்பெருக்கத்துக்கு இன்னும் முதிராத இளம் பறவைகள் அவை. ஜூனில் ஒரு வளைமூக்கு உள்ளானைப் பார்த்துவிட்டு ‘வலசை இன்னும் முடியவில்லை’ என்று எழுதினால் தப்பாகப் போகும். இறகைப் பார்க்க வேண்டும்: வடக்கே கிளம்பும் முதிர்ந்த பறவைக்கு ஏப்ரலிலேயே செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும், தங்கிவிடுவது பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். தேதியோடு நிறத்தையும் எழுதினால்தான் குறிப்பு உருப்படும்.

இரு நாட்டுக் குறிப்புகளும் ஒன்றுக்கொன்று தேவை என்பதற்கு ஆறுமணிக்குருவியே சாட்சி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்லும் இப்பறவை மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. இரவில் பறந்து பயணம் போகிறது. இலங்கையில் அதன் குரல் ஓய்ந்த நாளையும் தமிழ்நாட்டில் கடைசியாகக் கேட்ட நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது எப்படி வடக்கேறுகிறது என்பது புலப்படும். நடுவில் ஓர் ஊர் விடுபட்டாலும் கோடு அறுந்துவிடும்.

விடுபடுவதற்கான காரணமும் இரு நாட்டிலும் ஒன்றல்ல. இலங்கையின் வடக்கே போர் நடந்த காலத்தில் தொலைநோக்கியோடு மன்னார்க் கரையில் நிற்பது நடக்கிற காரியமில்லை. ஏரியூருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. பறவை பார்க்க வருபவர்கள் ஒகேனக்கல்லோடு திரும்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இத்தனைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அணையின் நீர்ப்பிடிப்போ கண்ணெதிரே கிடக்கிறது.

அகலத்தில் இந்திய முறை மேல். விடாப்பிடியில் இலங்கை முறை மேல். ஏரியூருக்கு வேண்டியது இரண்டாவதன் குணமும் முதலாவதன் கருவியும். ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பரிசல்துறைப் பக்கம் தினம் போய்வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே கடைசிவரை, வாரம் ஒரு காலை, அதே கரையில் அதே வழியில் நடங்கள். பார்த்ததையெல்லாம் எழுதுங்கள். சூறைக்குருவியோ உள்ளானோ தென்படாத வாரமும் போகாமல் இருந்துவிடாதீர்கள். கடைசித் தேதியை உறுதிசெய்வது அந்த வாரத்துப் பட்டியல்தான்.