எதிர்ச்சுருளில் பொதிந்த வண்ணம்: ‘மெக்கேப் அண்ட் மிசஸ் மில்லர்’ திரைப்படத்தை முன்வைத்து

திரைப்படத்தின் வண்ணத்தைப் பற்றி எழுதுவோர் தாம் கண்ட படியொன்றையே சான்றாகக் கொண்டு, இது மஞ்சள் தோய்ந்த படம், இது நீலம் பாய்ந்த படம் எனத் தீர்ப்பளித்துவிடுகின்றனர். ஒரே பதிப்பைக் கண்டு ‘இதுவே மூலபாடம்’ எனத் துணிவதற்கு இஃது ஒப்பாகும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் மரபில் பயின்ற நமக்கு இதிலுள்ள இடர் எளிதில் விளங்கும்.

வண்ண எதிர்ச்சுருளில் (நெகட்டிவ்) நாம் திரையில் காணும் வண்ணம் இல்லை. ஒளி நிழலாகவும், நிறம் அதன் எதிர்நிறமாகவும் பதிந்திருக்கும். சாயங்கள் உறிஞ்சக் கூடாத ஒளியையும் ஓரளவு உறிஞ்சுவதால் நேரும் பிழையை ஈடுசெய்ய, சுருள் முழுதும் செம்மஞ்சள் பூசியதுபோல் அமைக்கப்பட்டிருக்கும். நேர்ப்படி எடுக்கையில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை ஐம்பது வரையிலான படிநிலைகளில் கூட்டியும் குறைத்தும் வண்ணம் வருவிக்கப்படுகிறது. ஆகவே படியில் மட்டும் அமைந்த வண்ணத்தைத் தயாரிப்பு நிறுவனம் விரும்பினால் அடுத்த படியிலேயே மாற்றிவிடலாம்.

இராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய இப்படத்தில் (1971) ஒளிப்பதிவாளர் வில்மோஸ் சிக்மண்ட் கையாண்ட முறை இங்குதான் முக்கியத்துவம் பெறுகிறது. பதனிடுவதற்கு முன் எதிர்ச்சுருளின்மீது மெல்லிய ஒளியைச் சீராகப் படரவிடும் ‘ஃப்ளாஷிங்’ முறை அது. மிகுந்த ஒளி பெற்ற பகுதிகளை அச்சிற்றொளி பெரிதும் பாதிப்பதில்லை. ஒளி குன்றிய பகுதிகளையே அது பற்றிக்கொள்கிறது. இதனால் கருமை புகையாகிறது. நிறங்கள் வெளிறிப் பழம்புகைப்படத்தின் சாயலைப் பெறுகின்றன. மூடுபனி வடிப்பான்களும் இதற்குத் துணைநின்றன. படியில் செய்திருக்கக்கூடியதை எதிர்ச்சுருளிலேயே செய்ததற்குக் காரணம், நிறுவனம் பின்னர் அதனை மாற்றிவிடலாகாது என்பதே. சுரங்க நிறுவனத்திற்குத் தன் உடைமையை விற்க மறுக்கும் மெக்கேப்பின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் வாய்த்திருக்க முடியாது!

எனினும், இத்தோற்றத்தைப் ‘பழமையின் அழகு’ எனப் பாராட்டி நிறுத்துவது போதாது. படத்தின் முற்பகுதியில் விளக்கொளியின் பொன்மஞ்சள் மனிதக் கூட்டத்தின் வெம்மையாகவும், வெளிப்புறத்தின் ஈரச் சாம்பல் அவ்வெம்மைக்கு எதிராகவும் நிற்கின்றன. இறுதியில் மெக்கேப் வெண்பனியில் தனித்து மடிகையில் அந்தப் பொன்மஞ்சள் திருமதி மில்லர் அபினி மயக்கத்தில் கிடக்கும் அறையில் மட்டுமே எஞ்சுகிறது. முன்பு தோழமையைச் சுட்டிய நிறம் இப்போது தப்பியோடலைச் சுட்டுகிறது. நிறம் மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. படத்தின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. இதற்கு மாறாக, தொடக்கக் காட்சிகள் சிலவற்றில் புகைமூட்டம் அளவு கடந்து, மெக்கேப் நகைப்புக்கிடமான மனிதனாக நம்முன் நிற்பதற்கு முன்பே அவனை இரங்கத்தக்க நினைவாக்கிவிடுகிறது. இதனைக் குறையென்றே கொள்ளவேண்டும்.

இங்குக் கூறியவை 2016இல் மீட்டெடுத்து வெளியிடப்பட்ட வட்டினை அடிப்படையாகக் கொண்டவை. விளக்கொளியின் மஞ்சள் எவ்வளவு அடர்ந்தது என்பது அப்பதிப்பின் வண்ணத் திருத்தத்தையும் பொறுத்தது. 1971இன் திரையரங்குப் படி அதனின் வேறுபட்டிருத்தல் கூடும். நிழல்களில் படிந்துள்ள புகையோ எதிர்ச்சுருளுக்கே உரியது. அதனை முற்றாக நீக்க எந்தப் பதிப்பாசிரியராலும் இயலாது.