ஆட்டுக்கல் என்னும் வாத்தியார்

கோவையில் 1955-இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியபோது, ஆட்டுக்கல்லைக் கைவிடவில்லை. சுழற்சியை மட்டும் மாற்றிப்போட்டார். ஆட்டுக்கல்லில் குழி அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழிக்கல் சுற்றுகிறது. குழவி பிடிக்குள் நின்ற இடத்திலேயே உருள்கிறது.

அதைவிட என்னை மயக்குவது, ஓரத்தில் மாவைத் தள்ளிவிடும் அந்தச் சின்னப் பலகை. ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்குமே, அந்த மறு கைதான் அது. பாட்டிமார் மாவாட்டுவதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்க வேண்டும்!

பிறகு டில்டிங் வந்தது, டேபிள் டாப் வந்தது. குழவி கூம்பு உருளைகளாயிற்று. கல் மட்டும் போகவில்லை. மிக்சி பிளேடின் வேகத்தில் மாவு சூடேறிவிடும்; கல்லின் நிதானத்தில் உளுந்து பொங்கி வரும். இட்லிக்கு இன்றும் கிரைண்டர் மாவுதான்.