கருப்பட்டி நிறமும் கரிசல் நினைவும்

அமெரிக்காவிலுள்ள பான்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கி, பெரும்பாலும் ஆண்டுக்கொரு வர்ணத்தைத் தேர்ந்தெடுத்து உலகுக்கு அறிவித்து வருகிறது. 2025ஆம் ஆண்டுக்கு அது தேர்ந்தெடுத்தது மோக்கா மூஸ் என்று பெயரிட்ட, காப்பியும் சாக்லேட்டும் கலந்தாற்போன்ற மெல்லிய பழுப்பு நிறம். அந்தப் பழுப்பில் ஒரு சேலையைக் கோவில்பட்டி ஜவுளிக்கடையில் விரித்துப் போட, குளத்தூரிலிருந்து துணி எடுக்க வந்த மூதாட்டி ஒருத்தி அதைத் தடவிப் பார்த்து, "எங்கம்மா காய்ச்சுன கருப்பட்டி இந்த நெறந்தான் தாயி" என்று பேத்தியிடம் சொல்வாளாயின், நவநாகரிகத்துக்கும் பால்ய ஞாபகத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் கேட்கவேண்டிய கேள்விகள் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கிவிடுகின்றன.

வர்ணம் ஆண்டுதோறும் மாறும் சரக்காக ஆனது நெடுங்காலத்துச் சரித்திரமன்று. 1856இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது தாரிலிருந்து ஊதாச் சாயம் பிறந்தது. 1868இல் ஜெர்மனியின் கிரேபும் லீபர்மனும் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். 1897இல் செயற்கை அவுரி நீலம் சந்தைக்கு வந்தது. இவற்றின் முன், நம் கடலோர மணலில் தோண்டியெடுத்த சாயவேரும், வயலில் விளைந்த அவுரியும் மதிப்பிழந்தன. அதுவரை ஒரு நிறத்துக்கு ஒரு மண்ணும் ஒரு பருவமும் இருந்தன. பிறகு எந்த நிறமும் எந்த ஊருக்கும் வந்து சேரலாயிற்று.

நிறத்தையும் ஞாபகத்தையும் ஆராயும் துறையின் மனநூல் பகுதியில் நான் பெரிதும் மதிப்பது, ஸ்டீபன் பாமரும் கேரன் ஷ்லாஸும் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஒருவருக்கு ஒரு நிறம் பிடிப்பதும் பிடிக்காததும், அந்த நிறத்தையுடைய பொருள்களின்மேல் அவர் கொண்ட விருப்பு வெறுப்பின் தொகையே என்பது அவர்கள் துணிபு. அடர்ந்த பழுப்பு அவர்களின் சோதனையில் பலருக்கும் பிடிக்காத நிறமாயிற்று. அழுகலையும் மலத்தையும் அது நினைவூட்டுகிறதாம். வேம்பார்க் கருப்பட்டியின் மணம் எட்டும் ஊர்களில் இதே சோதனையை நடத்தினால் விடை வேறாக வரும் என்றே நம்புகிறேன். ராபின் ஃபைவுஷ் முதலியோரின் ஆராய்ச்சியோ, நடந்ததைத் தாய் விரிவாகப் பேசிப் பேசிக் காட்டும் வீட்டில் குழந்தையின் ஞாபகமும் விரிந்து வளர்கிறது என்று கூறுகிறது. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது: பொருளையும், அதைக் கையில் வைத்திருந்தவரையும், அவர் பேசிய பேச்சையும் சேர்த்தே நிறம் மனத்தில் தங்குகிறது.

பதநீர் காய்ச்சும் குடிசையாகிய பனங்காட்டு விடிலியை எண்ணிப் பார்க்கலாம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர், ஓலையும் மட்டையும் எரியும் அடுப்பில் வெளுத்து நுரைத்துப் பொங்கி, மெல்லப் பொன்னிறமாகி, கூப்பனி என்னும் பாகாகத் திரண்டு செம்பழுப்பேறும் வரையில், துடுப்பைப் பிடித்த பெண் அங்குமிங்கும் அசைவதில்லை. பதம் தவறினால் அன்றைய உழைப்பு முழுவதும் கருகிப்போகும். சிரட்டைகளில் ஊற்றியது போகச் சட்டியில் ஒட்டியதை ஓலைத்துண்டால் வழித்துத் தின்னக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பழுப்பு, அம்மாவின் கவனம் அடுப்பை விட்டுத் தங்கள்பக்கம் திரும்பும் நேரத்தின் அடையாளம். மோக்கா மூஸைக் கண்ட மூதாட்டி கடையிலேயே குரல் தழுதழுப்பாளானால், அதற்கு இனிப்பு மாத்திரம் காரணமாகாது.

பொருளோடு மனிதரும் சேர்ந்தே மனத்தில் தங்குவதைக் கரிசல் எழுத்தாளர்கள் ஆராய்ச்சியாளருக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தனர். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில், தீபாவளிக்கென்று தகப்பனாருக்கு வாங்கி வைத்த துண்டை வந்த ஏழைச் சிறுவனுக்குத் தாய் கொடுக்கும் இடத்தில், ஒரு துணி ஒரு குடும்பத்தின் மனத்தை எப்படி ஏந்திநிற்கும் என்பது முழுதும் தெரிகிறது. அவ்வூரவரேயான கி. ராஜநாராயணனோ, கரிசல் மண்ணையும் அதன் மாந்தரையும் ஒருங்கே நம் கண்முன் நிறுத்தியவர். 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமிப் பரிசு பெற்றவர். பூமணியும் சோ. தர்மனும் அந்த வழியை இன்னும் அகலமாக்கினர்.

ஆனால் நானறிந்தவரை ஆராய்ச்சி இன்னும் தொடாத ஓர் இடம் உண்டு. மானாவாரி விளைச்சலை நம்பிய வீடுகளில், பருத்தி விற்ற காசில் ஒரே துணியாகக் கிழித்து வாங்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டையும் பாவாடையும் தைப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் அந்த நிறத்தைக் கண்டே தாய் தன் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பாள். அழுக்குத் தாங்கும் கெட்டிச் சாயமாகப் பார்த்தே எடுப்பார்கள். ஆயினும் ஊருணித் தண்ணீரும் வெயிலும் அதை வெளுக்கச் செய்யும். அடுத்த ஆண்டு அக்காளின் பாவாடை தங்கைக்கு வரும்போது, அரக்கு நிறம் மங்கி, இன்று கடைக்காரர்கள் பேஸ்டல் என்று விலைகூட்டி விற்கும் வெளிர்நிறமாக ஆகியிருக்கும். அக்காளுக்கு அந்தத் துணி அரக்கு. தங்கைக்கோ வெளிறிய ரோஜா. சாயம் மாறாத அட்டைகளைக் காட்டிக் கேட்கும் ஆராய்ச்சி இதை எப்படிப் பிடிக்கும்? குளத்தூர்ப் பக்கம் வந்து, டிரங்குப் பெட்டியிலுள்ள பழந்துணிகளை எடுத்து வைத்து, அக்காளையும் தங்கையையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அவ்விருவருக்கும் தாயார் உயிரோடிருந்தால், அவளை முதலில் கேட்க வேண்டும்.